தாமதக் காரணம்

வண்டிக்குள் யாரும் சாவதில்லை.
சாவைச் சொல்லும் அதிகாரம் எங்களுக்கில்லை.
அதற்கு டாக்டர் வேண்டும்,
டாக்டருக்குத் தேன்கனிக்கோட்டை வரை போக வேண்டும்.
அதுவரை அமுக்கு.

நேற்றிரவு ஆள் பற்றாக்குறை.
ஒரு வருஷமாய் மேற்பார்வை நாற்காலியில் இருப்பவள்,
ஆக்சிஜன் அளவுக்குக் கையெழுத்துப் போட்ட பேனாவைக்
காதில் செருகிக்கொண்டு பின்கதவில் ஏறினேன்.
ஓட்டுவது திம்மராயன்.
உள்ளே கோகுலவாசன், வேலைக்கு வந்து பத்தொன்பது நாள்,
கையுறையை இன்னும் ஊதிப் பார்த்துப் போடுகிற பையன்.

ஜவளகிரி தாண்டி ஒரு ரோஜாக் குடில்.
காதலர் தினத்துக்கு ஒன்பது நாள் இருக்கிறது,
ராத்திரி ஷிப்டிலும் வெட்டுகிறார்கள்.
வரிசைக்கு நடுவில் விழுந்து கிடந்தார்
மாதேவப்பா, வயது நாற்பத்திரண்டு.
நரம்பு தேடி அவர் கையைத் திருப்பினேன்:
முழங்கை வரை கறுப்புப் புள்ளிகள்.
முள் ஏற்கனவே எல்லா இடத்திலும்
ஊசி போட்டுப் பார்த்திருந்தது.

பையன் அமுக்கினான்.
பன்னிரண்டாவதில் விலா முறிந்தது.
பயிற்சிப் பொம்மைக்கு அந்தச் சத்தம் வராது.
கை நின்றுவிட்டது அவனுக்கு.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
நான்கு.
'எலும்பு கூடும்டா. அமுக்கு.'
அமுக்கினான்.

ஷாக் தேவையில்லை என்று
இங்கிலீஷில் சொன்னது இயந்திரம்.
நல்லவேளை, கெம்பம்மாவுக்கு அது புரியவில்லை.
பூ வெட்டும் கத்தரியை மடியில் வைத்தபடி
ஒற்றைச் செருப்போடு
புருஷனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

காட்டு வளைவில் திம்மராயன்
சைரனை நிறுத்தினான், விளக்கை நிறுத்தினான்,
கடைசியில் வண்டியையும்.
'மேடம், சாமி நிக்குது.'
மூன்று. நடுவில் குட்டி.
சாலை அவர்களுடையதுதான்,
நாங்கள் அவசரத்தில் இருக்கிறோம், அவ்வளவே.

பதினோரு நிமிஷம்.
இருட்டில் உதடு மட்டும் அசைய எண்ணினோம்.
இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை
அவன் நெஞ்சை விட்டான், நான் எடுத்தேன்,
நான் விட்டேன், அவன் எடுத்தான்.
வியர்வை சொட்டும் சத்தத்துக்குக்கூட
யானை காது திருப்புமோ என்று பயம்.

அப்போதுதான் கெம்பம்மா கேட்டாள், கிசுகிசுப்பாக:
'உசிரு இதெயா?'

எனக்குத் தெரிந்த கன்னடம்
சந்தையில் தக்காளி வாங்கும் அளவுக்குத்தான்.
ஆனாலும் அந்தச் சொல் தெரியும்.
அவள் மொழியில் அது மூச்சு.
என் மொழியில் கேட்டிருந்தால்
பொய்தான் சொல்லியிருப்பேன்.
அந்த நிமிஷம் மூச்சுப்பை என் கையில் இருந்தது.
பிழிந்தேன், அவர் நெஞ்சு ஏறியது,
விட்டேன், இறங்கியது.
'இதெ' என்றேன்.

2.51க்கு டாக்டர் சொன்னார்.

காலையில் படிவம்.
தாமதக் காரணம்: நெரிசல், பழுது,
தவறான முகவரி, பிற.
யானைக்குக் கட்டம் இல்லை.
'பிற'வைத் தொட்டேன்.

கீழே இன்னொரு கேள்வி:
அமுக்குவது இடையில் தடைபட்டதா? எத்தனை நொடி?

ஜன்னலுக்கு வெளியே பையன்
பிளீச்சிங் தண்ணீரால் வண்டித் தரையைத் தேய்க்கிறான்,
சுத்தமான இடத்தையே திரும்பத் திரும்ப.
என் பக்கம் பார்க்கவில்லை.

நான்கு என்று எழுதினேன்.
பொறுப்பு என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.
கருணை இல்லை, கணக்கு.
அவன் கை நின்ற நேரத்தில்
என் கை சும்மாதான் இருந்தது.
அந்த நான்கையும்
எண்ணிக்கொண்டிருந்தவள் நான்.

கத்தரி ஸ்ட்ரெச்சருக்கு அடியில் கிடந்ததாம்.
யாரிடம் கொடுப்பது என்று
திம்மராயன் டாஷ்போர்டில் வைத்திருக்கிறான்.

போன்.
அஞ்செட்டி, பிரசவ வலி, தலைச்சன்.
என் ஷிப்ட் முடிந்துவிட்டது, ஏற வேண்டியதில்லை.
கதவு சாத்தும் முன்
உள்ளே பையன் கையுறையை ஊதுவது கேட்டது.